நம்பாத ஆள் தேவை

மனைவி சண்டை போடாமல் இருந்தால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்பது பூட்டுக்காரரின் கட்சி. அவர் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவர். சாவி தொலைந்துபோச்சு என்று பதறிக்கொண்டு வருகிறவனிடம், "அது உன் வீடுதானா?" என்று முதலில் கேட்க வேண்டிய தொழில். அந்தப் பழக்கம் கடையை மூடினாலும் மூடுவதில்லை. வீட்டில் காபி நன்றாக இருந்துவிட்டால், "இன்னைக்கு ஏன் நல்லா இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வாய் குடிப்பார்.

அப்படிப்பட்டவரின் வீட்டில் இரண்டு வாரமாகச் சண்டையே இல்லை. மனிதர் ஆடிப்போய்விட்டார்.

சண்டைக்குக் காரணமா இல்லை? மலையாக இருந்தது. அந்த மலைக்குப் பெயர் முன் அறை. வீட்டிலேயே பெரிய அறை அது. இரண்டு ஜன்னல், மறைக்காவிட்டால் நல்ல வெளிச்சம். அதில் குடியிருந்தவை பூட்டுக்காரர் ஆசை ஆசையாகச் சேர்த்த பழைய பூட்டுகள். சாவி இல்லாத பூட்டு ஒரு மரப்பெட்டி நிறைய. பூட்டு இல்லாத சாவி இன்னொரு மரப்பெட்டி நிறைய. இரண்டு பக்கத்துக்கும் பொருத்தம் பார்த்து ஜோடி சேர்த்துவிட வேண்டும் என்பது அவர் வெகுநாள் திட்டம். இதுவரை ஒரு ஜோடியும் அமையவில்லை. இது போக, கதவில்லாத நிலை ஒன்று, ஜன்னல்மேல் சாத்திவைத்த நிலையில்லாத கதவு இரண்டு, யாராலும் திறக்க முடியாத இரும்புப் பெட்டி ஒன்று. அவராலும் திறக்க முடியாது. அதைப் பற்றி வெளியில் பேசக் கூடாது.

மனைவி திரைச்சீலை தைக்கிறவள். பத்தடித் துணியை விரித்து வெட்ட இடம் இல்லாமல் கட்டிலில் விரித்து வெட்டுவாள். வெட்டி முடித்தபின் துணி போய்விடும், குண்டூசி போகாது. பூட்டுக்காரர் புரண்டு படுக்கும்போதெல்லாம் திரைச்சீலைத் தொழில் எவ்வளவு நன்றாக நடக்கிறது என்பதை முதுகால் தெரிந்துகொள்வார்.

இப்போது புதிதாகத் திறக்கப்போகும் ஒரு ஆஸ்பத்திரி அவளைத் தேடி வந்திருந்தது. மாடிக்கு மாடி ஜன்னல். படுக்கைக்குப் படுக்கை மறைப்பு. அவ்வளவையும் கட்டிலில் வைத்துத் தைக்க முடியாது. நீளமாக ஒரு மேசை போட வேண்டும். மேசை போட இடம் இருந்தால் ஒப்புக்கொள்ளலாம், இல்லாவிட்டால் மாசக் கடைசியில் அவர்கள் வேறு ஆளிடம் போய்விடுவார்கள்.

"முன் அறையை எனக்குக் குடுங்க" என்று கேட்டாள்.

"என்னை வேணா எடுத்துக்க. அந்த அறையைத் தொடாதே."

"உங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? உங்க மேல துணி விரிக்க முடியுமா?"

"முடியாதுன்னா முடியாதுதான்."

அன்றோடு சரி. அவள் மறுபடி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அழவில்லை, பாத்திரத்தை வீசவில்லை, அண்ணனுக்குப் போன் போடவில்லை. ஒரு சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நான் பேச்சுப் பயிற்சி வகுப்புல சேர்ந்திருக்கேன்."

பூட்டுக்காரர் வாயைப் பிளந்தார். "யாரு, நீயா? பேச்சை நிறுத்தற வகுப்பு ஏதாவது இருந்தா சொல்லு, நானே கொண்டுபோய் விடறேன்."

"அதையும் சொல்லித் தர்றாங்க. எங்க நிறுத்தணுங்கறதுதான் ரொம்பக் கஷ்டமாம்."

"இப்ப எதுக்கு இதெல்லாம்?"

"ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட பேசணுமே. நாலு பேரு முன்னாடி நின்னா எனக்குக் கை நடுங்குது."

"என் முன்னாடி ஒரு நாளும் நடுங்கலையே?"

"நீங்க ஒருத்தர்தானே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அதிலிருந்து ஆரம்பித்தது வினை. அவர் பேசும்போது அவள் குறுக்கே பேசுவதில்லை. முழுதாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "நீங்க சொல்றதும் யோசிக்க வேண்டியதுதான்" என்றாள். பூட்டுக்காரர் அன்று காபியை மோந்து பார்த்துவிட்டுக் குடித்தார். மறுநாள் கடையைத் திறந்ததும் பக்கத்துக் கடைக் கண்ணாடிக்காரரிடம் முறையிட்டார்.

"வீட்ல நான் சொல்றதை யோசிக்க வேண்டியதுங்கறா, கேட்டீங்களா?"

"நல்ல விஷயமாச்சே!"

"எதுய்யா நல்ல விஷயம்? கல்யாணம் ஆன நாள்லேருந்து யோசிக்காதவ இப்ப எதுக்கு யோசிக்கிறா?"

கண்ணாடிக்காரர் வெட்டிக்கொண்டிருந்த கண்ணாடியை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்குச் சாப்பாடு போட்டா ஏன் இப்ப பசிக்கலைன்னு சந்தேகப்படுவீங்க. போய் வேலையைப் பாருங்க." ஒருவேளை இவருக்கும் அவள் ஏதாவது சொல்லி வைத்திருப்பாளோ என்று பூட்டுக்காரர் சாயங்காலம் வரை யோசித்தார்.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது.

"எங்க மாஸ்டர் ஒரு ஆள் தேடறாருங்க" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

"என்ன ஆள்?"

"நம்பாத ஆள். எங்க வகுப்புல எல்லாரும் ரொம்ப நல்லவங்க. யாரு என்ன பேசினாலும் கண் கலங்கிடறாங்க, கைதட்டிடறாங்க. கைதட்டை வெச்சுக்கிட்டு ஒண்ணும் கத்துக்க முடியாதுன்னு மாஸ்டர் சொல்றார். ஒத்திகையில உக்காந்து, எந்த இடத்துல நம்பிக்கை வரலைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல ஒருத்தர் வேணுமாம்."

"என்னை எதுக்குக் கேக்கறே?"

"எதுக்குன்னு கேக்கறீங்க பாருங்க, அதான் தகுதி."

பூட்டுக்காரருக்கு உள்ளே குளிர்ந்தது. ஆனாலும் சந்தேகம் விடவில்லை. ஒத்திகை எங்கே நடக்கும்? இங்கே, முன் அறையில். ஏன் இங்கே? நம்பாதவர் இருக்கிற இடத்துக்குத்தானே வர வேண்டும். பதில் சரியாக இருந்தது. சரியாக இருந்ததே அவருக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டார். எதிரியின் படை என்ன பயிற்சி எடுக்கிறது என்று வீட்டிலிருந்தபடியே பார்க்கக் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வந்து இறங்கியது. உட்கார இடம் இல்லை. பல் டாக்டர் சாவிப் பெட்டிமேல் உட்கார்ந்தார். பஸ் கண்டக்டராக இருக்கும் அம்மா திறக்காத இரும்புப் பெட்டிமேல் உட்கார்ந்தார். மாஸ்டர் நிலைக்குள் நின்றார், படத்துக்குச் சட்டம் போட்டதுபோல.

முதலில் பல் டாக்டர். இளைஞர், படபடப்புக்காரர். படுக்கப் போகுமுன் பல் துலக்க வேண்டும் என்பது அவர் தலைப்பு. நூற்றுக்கு இத்தனை பேர், ஆயிரத்துக்கு இத்தனை பல் என்று கணக்காக அடுக்கினார். வகுப்பு கண்கலங்கியது.

பூட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "டாக்டர், நான் பல் துலக்கலைன்னா யாருகிட்ட வருவேன்?"

"எங்கிட்டதான் சார்."

"வந்தா உங்களுக்கு வருமானம். அப்ப நான் துலக்கக் கூடாதுன்னுதானே நீங்க நினைக்கணும்? உங்க வருமானத்தை நீங்களே கெடுத்துக்கறதா சொன்னா எப்படி நம்பறது?"

மாஸ்டருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "பார்த்தீங்களா? கணக்குச் சொன்னா நம்பிக்கை வராது. கண்ணுல காட்டணும்!" அடுத்த ஞாயிறு டாக்டர் வாயே திறக்காமல் ஒரு சின்ன டப்பாவைத் திறந்தார். உள்ளே பிடுங்கிய பல் ஒன்று, கறுத்துப்போய், ஓட்டையோடு. ஒவ்வொருவர் மூக்கருகிலும் கொண்டுபோய்க் காட்டினார். பூட்டுக்காரர் அன்று படுக்கப் போகுமுன் பல் துலக்கினார். நம்பி அல்ல, ஒரு சந்தேகத்தின் பேரில்.

கண்டக்டரம்மா வரிசையில் நிற்பதைப் பற்றிப் பேசினார். குரல் கணீரென்று பஸ்ஸின் கடைசி சீட்டுவரை போனது. முடிந்ததும் பூட்டுக்காரர் கேட்டார்: "நல்லாத்தாம்மா இருந்துச்சு. இப்ப நான் என்ன பண்ணணும்? எழுந்து நிக்கணுமா?"

"அப்படியில்ல அண்ணா. பொதுவா சொன்னேன்."

"பொதுவா சொன்னா பொதுவா மறந்துடுவேன்."

மாஸ்டர் துள்ளினார். "அதேதான்! கடைசியில கேக்கறதைத் திட்டமா கேக்கணும்!" அடுத்த முறை கண்டக்டரம்மா விரலை நீட்டி முடித்தார்: "நாளைக்குக் காலையில, உங்க முன்னாடி நிக்கறவரை முதல்ல ஏற விடுங்க. ஒரே ஒரு நாள்!" மறுநாள் பூட்டுக்காரர் முன்னால் நின்றவரை ஏற விட்டார். அவருக்கு முன்னால் கூட்டமே நின்றது. பஸ் போய்விட்டது. கடைக்குப் பொடிநடையாகப் போய்ச் சேர்ந்தார்.

"அப்ப நம்பிட்டீங்களா அண்ணா!" என்று கண்டக்டரம்மா குதூகலித்தார்.

"நம்பலை. சோதனை பண்ணிப் பார்த்தேன்" என்றார் பூட்டுக்காரர் விறைப்பாக.

உண்மையைச் சொல்ல வேண்டும். அவருக்கு இது பிடித்துப்போயிற்று. ஒத்திகை முடிந்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, யார் பேச்சில் எது மனதில் நின்றது, எது நிற்கவில்லை என்று பேசும்போது கடைசியில் அவர் பக்கம் திரும்புவார்கள். டாக்டர் டப்பாவைத் திறந்தபோதே பாதி வேலை முடிந்துவிட்டது என்பார் பூட்டுக்காரர். கண்டக்டரம்மா மூச்சு வாங்கின இடத்தில்தான் தான் யோசித்ததாகச் சொல்வார். அத்தனை தலையும் ஆடும். கடையில் பூட்டுதான் அவர் சொன்னதைக் கேட்கும், அதுவும் எண்ணெய் போட்டால்தான். இங்கே படித்தவர்கள் கேட்டார்கள். வகுப்பில் அவருக்குப் பட்டப்பெயரே 'நம்பாதவர்' என்று ஆகிவிட்டது. தெருவில் பார்த்தால்கூட, "வணக்கம் நம்பாதவரே!" என்றார் மாஸ்டர்.

ஒன்றுதான் மண்டையைக் குடைந்தது. மனைவி மட்டும் ஒத்திகை பார்க்கவே இல்லை.

"உன்னோடது எப்ப?"

"கடைசி நாள். நேரா மேடையிலதான்."

"தலைப்பு?"

"மாஸ்டர் சொல்லக் கூடாதுன்னுட்டார்."

"எனக்குமா?"

"உங்களுக்குத்தான்."

சாவித்துவாரத்தில் கண் வைப்பது பூட்டுக்காரர்களின் தொழில் தர்மத்துக்கு விரோதம். காது வைக்கலாமா என்பதைப் பற்றித் தர்மம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முணுமுணுத்தபோது அவர் குனிந்து காதை வைத்தார். குக்கர் சத்தத்துக்கு நடுவே இரண்டு வார்த்தைகள்தான் தெளிவாக வந்தன. ஒன்று, முன் அறை. இன்னொன்று, வெளிச்சம்.

ஆக, இதுதான் சங்கதி! இத்தனை சாந்தமும் இதற்குத்தான். நாலு பேர் நடுவில், மேடை போட்டு, மைக் வைத்துக் கேட்பாள். வகுப்பு கண்கலங்கும். மாஸ்டர் அவரைப் பார்ப்பார். மறுக்க முடியாமல் தலையாட்டிவிட வேண்டியதுதான். நல்ல திட்டம். ஆனால் யாரிடம்?

பூட்டுக்காரர் தயாரானார். முன் அறையில் இரும்புப் பெட்டியைச் சபையாக வைத்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்து முழங்கினார். ஒவ்வொரு பழைய பூட்டும் ஒரு நாள் உதவும். ஒரு மனுஷனுக்கு அவன் வீட்டில் அவனுக்கென்று ஓர் இடம் வேண்டும். நுணுக்கமான வேலைக்கு ஜன்னல் வெளிச்சம் அவசியம். மூன்று நாள் சாயங்காலமும் முழங்கினார். அவர் முழங்கும்போதெல்லாம் உள்ளே தையல் மிஷின் சத்தம் நின்றுவிடும். நூல் தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கடைசி நாள் வந்தது. வகுப்பு நடக்கிற மாடிக் கூடத்தில் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் பேசியபின் நம்பாதவர் எழுந்து மறுத்துப் பேசுவார், பிறகு யார் பக்கம் நியாயம் என்று சபை கை தூக்கும். அதுதான் ஏற்பாடு. முன் வரிசையில் பூட்டுக்காரருக்குத் தனி நாற்காலி. அதை ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

முதலில் மனைவி மேடை ஏறினாள். மைக்கைப் பிடித்த கை நடுங்கியது. நிஜமாகவே நடுங்கியது. அவருக்கு ஒரு கணம் பாவமாகிவிட்டது. எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தார். அதற்குள் அவள் நிமிர்ந்துவிட்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு முன் அறையில என் வீட்டுக்காரர் பழைய பூட்டெல்லாம் வெச்சிருக்கார். அந்த அறை அவருக்கே இருக்கணும். ஒரு பூட்டைக்கூட நகர்த்தக் கூடாதுன்னு பேச வந்திருக்கேன்."

பூட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார். இதென்ன கூத்து?

"அதுல இருக்கற ஒவ்வொரு பூட்டும் ஒரு நாள் உதவும். ஒரு மனுஷனுக்கு அவர் வீட்ல அவருக்குன்னு ஒரு இடம் வேணும். நுணுக்கமான வேலைக்கு ஜன்னல் வெளிச்சம் அவசியம்."

அவருடைய மூன்று குண்டும் போயிற்று. வரிசைகூட மாறவில்லை. சாவித்துவாரம் இரண்டு பக்கமும் வேலை செய்யும் என்பது தொழிலில் இத்தனை வருஷம் இருந்தும் அவருக்குத் தோன்றாமல் போய்விட்டது.

அவள் கும்பிட்டு இறங்கினாள். கைதட்டல். சபை பூட்டுக்காரரைப் பார்த்தது.

அவர் மூளை கடகடவென்று சுற்றியது. எனக்காகப் பேசுகிறாள். எனக்காக எதற்குப் பேச வேண்டும்? ஏதோ வலை இருக்கிறது. ஆமாம் என்று சொன்னால் என்ன ஆகும்? 'நம்பாதவர் நம்பிட்டாரே' என்று டாக்டர் சிரிப்பார். பெண்டாட்டி ஒரு வார்த்தை சொன்னதும் கவிழ்ந்துவிட்டார் என்று கண்டக்டரம்மா பஸ் முழுக்கச் சொல்வார். அதற்குத்தான் திட்டம்! ஊர் நடுவில் தன்னைத் தலையாட்டி பொம்மையாக்கப் பார்க்கிறாள். விடுவேனா?

"நம்பாதவரே, வாங்க" என்றார் மாஸ்டர்.

எழுந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக மைக்கைத் தொட்டார். தன் குரல் கூடம் முழுக்கக் கேட்டதும் முதுகு நிமிர்ந்தது.

"ஒவ்வொரு பூட்டும் ஒரு நாள் உதவுமாம். யாரு சொன்னது? தொழில்காரன் நான் சொல்றேன். உள்ள துரு ஏறி ஒட்டிக்கிட்ட பூட்டு எந்த நாளும் உதவாது. அது பூட்டு இல்லை, பேப்பர் பறக்காம வெக்கிற கல்லு!"

சிரிப்பு. அந்தச் சிரிப்பு அவரை இரண்டடி முன்னால் தள்ளியது. பேச்சில் எதையாவது கண்ணில் காட்ட வேண்டும் என்பது நினைவு வந்தது. விறுவிறுவென்று டாக்டரிடம் போய், அவரை எழுப்பி, சபைக்கு முதுகைத் திருப்பி நிறுத்தினார்.

"இதோ பாருங்க! எங்க வீட்ல ஒரு மணி நேரம் உக்காந்ததுக்கு டாக்டர் பேன்ட்டுல கிரீஸ் கறை! துவைச்சும் போகலை! பாருங்க!"

டாக்டர் கூசிக்கொண்டே நின்றார். கூடம் அதிர்ந்தது.

"ஒரு மனுஷனுக்கு ஒரு இடம் வேணுமாம். அந்த மனுஷன் அந்த இடத்துல எங்கங்க உக்கார்றான்? ரெண்டு மரப்பெட்டி உக்காந்திருக்கு! அவன் கட்டில்ல குண்டூசி மேல படுத்திருக்கான்! வெளிச்சம் வேணுமாம். ஜன்னலை மறைச்சு ரெண்டு கதவு சாத்தி வெச்சிருக்கு, எந்த வெளிச்சம் வரும்? வெளிச்சம் யாருக்கு வேணும்? மூலையில உக்காந்து கண்ணு வலிக்க வலிக்கத் தைக்கிறாளே, அவளுக்கு வேணாமா? ஒரு ஆஸ்பத்திரியே அவளை நம்பி வந்து நிக்குது. துணி விரிக்க இடமில்லைன்னு திருப்பி அனுப்பறது எந்த ஊரு நியாயம்?"

எங்கோ ஏதோ இடிக்கிறது என்று அவருக்கே பட்டது. ஆனால் கைதட்டல் சத்தத்தில் அது என்னவென்று கேட்கவில்லை. அதோடு, முடிவைத் திட்டமாகக் கேட்க வேண்டும் என்பது வேறு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. விரலை நீட்டினார்.

"அதனால பொதுவா சொல்ல மாட்டேன். இன்னைக்கே! அந்த அறையைக் காலி பண்ணி, நீளமா ஒரு மேசை போட்டு, அந்தம்மாகிட்டக் குடுக்கணும்! இன்னைக்கே!"

கூடம் எழுந்து நின்றது. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யார் பக்கம் நியாயம் என்று கேட்டதும் கைகள் காடாக எழும்பின. பூட்டுக்காரர் பெருமையாக ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு கை, விரலில் தையல் உறையோடு, மற்ற எல்லாக் கைகளையும்விட உயரமாக நின்றது.

கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு நடந்தார்கள். பாதித் தூரம்வரை அவர் மேகத்தில் நடந்தார்.

"நான் தோத்துட்டேங்க" என்றாள் மனைவி.

"முதல் தடவைதானே. போகப் போகச் சரியாயிடும்." பெருந்தன்மையாகச் சொன்னார். இன்னும் பத்தடி போனதும் நின்றார். "இரு, இரு. நான் என்ன பேசினேன்?"

"ரொம்ப நல்லாப் பேசினீங்க. டாக்டரைத் திருப்பி நிறுத்தினீங்களே, அந்த இடம் பிரமாதம்."

"அதில்லை. கடைசியா என்ன சொன்னேன்?"

"இன்னைக்கேன்னு சொன்னீங்க."

"நீ வேணும்னே தோத்தியா?"

"நல்லா இருக்கே! அத்தனை பேர் கை தூக்கினதும் என் வேலையா? நான் உங்க பக்கம்தானே பேசினேன். உங்க அறைக்காக உங்களோடயே போராடிப் பார்த்தேன். நீங்க விட்டாத்தானே?"

அவள் சொன்னதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் பூட்டிக்கொண்டது. ஆனாலும் அவர் மனம் தளரவில்லை. மேசைக்கு எங்கே போவாள்? மரம் வாங்க வேண்டும், இழைக்க வேண்டும், அதற்குள் மாசம் முடிந்துவிடும். மேசை இல்லாத அறை யாருக்கு வேண்டும்? பேச்சு பேச்சாகவே போகும், பூட்டு பூட்டாகவே இருக்கும். நினைக்க நினைக்கத் தெம்பு வந்தது. மீசையைத் தடவியபடி தெருமுனை திரும்பினார்.

வாசலில் ஒரு வண்டி நின்றது. வண்டியில் வாசலைவிட நீளமாக, புது வார்னிஷ் வாசனையோடு ஒரு மேசை கட்டியிருந்தது. அதன்மேல் கால் நீட்டிப் படுத்திருந்த தச்சர், இவர்களைக் கண்டதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"என்னம்மா நீங்க, ஆறு மணிக்கே வரச் சொல்லிட்டீங்க. சார் இவ்வளவு நேரம் பேசுவார்னு சொல்லவே இல்லையே?"